குட்டிகளை எண்ணுமுன் தாய்ப்பன்றியைக் கவனித்தல் வேண்டும்

நெற்செய்கையிலும் மரக்கறிச் செய்கையிலும் ஈடுபட்டுள்ள கமக்காரர் சிலர் ஒன்றிரண்டு பெண்பன்றிகளையும் வைத்துப் பராமரித்து வருகின்றனர். புத்தளந் தொடக்கம் சிலாபம், நீர்கொழும்பு ஊடாகக் கொழும்பு வரை செல்லும் மேற்குக் கரையோரத்திலே இவ்வழக்கம் செறிந்து காணப்படுகின்றது. ஏனைய மாவட்டங்களிலும் ஆங்காங்கே உண்டு. ஆலையிலிருந்து வரும் அரிசித் தவிடு, செக்கிலிருந்து வரும் தேங்காய்ப் புண்ணாக்கு, தோட்டத்திற் கழியும் வத்தாளங்கொடி ஆகியன பன்றிக்குத் தீனாகின்றன. பன்றியின் எரு மக்கிய பின்னர் தோட்டத்துக்குப் பசளையாகின்றது. 2021ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, கொட்டிலில் ஒரு குவியல் எரு வைத்திருந்தவர் அதன் அருமையை நன்குணர்ந்தனர். இவை யாவற்றுக்கும் மேலாக, பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக அறுவடைக்கும் இடையே கையிற் பணமில்லாத மாதங்களில் ஓர் ஈற்றுக் குட்டிகள் குடும்பத்துக்குக் கைகொடுக்கின்றன. பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் விதைநெல்லின் விலையும் பல வீடுகளில் அக்குட்டிகளிலிருந்தே வருகின்றன.

எனினும், பன்றி ஈன்ற நாளிலே பெரும்பாலான கொட்டில்களில் நிகழ்வது யாது? வீட்டாரும் அயலாரும் கூடிக் குட்டிகளை எண்ணுகின்றனர். எத்தனை ஆண், எத்தனை பெண் எனப் பார்க்கின்றனர். எண்ணிக்கை 10ஐத் தாண்டினால் மகிழ்ச்சி. 6 ஆனால் முகவாட்டம். குட்டிகளை ஈன்று களைத்துக் கிடக்கும் தாயை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இரண்டு மாதங் கழியக் குட்டிகள் விலைப்பட்டுப் போகின்றன. அப்பொழுதே தாய்ப்பன்றி கண்ணிற் படுகின்றது. முதுகெலும்பு துருத்தி, விலா எண்ணும்படி மெலிந்து, ஆண்பன்றியை ஏற்காது அது நிற்கின்றது. வாரங்கள் செல்கின்றன, வேட்கை அறிகுறி தோன்றுவதில்லை. "இது மலடாகிவிட்டது, இனிப் பயனில்லை" என்று தீர்ப்பளித்து, இறைச்சிக்கு விற்றுவிட்டு வேறோர் இளம் பெண்பன்றியைத் தேடிப் புறப்படுகின்றார் கமக்காரர்.

இத்தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது. அப்பன்றி மலடாகவில்லை, அது தேறவில்லை. தேற்றவேண்டியவர் தேற்றவில்லை என்பதே உண்மை. பன்றி வளர்ப்பிலே இலாபமும் நட்டமும் குட்டிகளின் எண்ணிக்கையால் மட்டும் முடிவாவதில்லை. ஈன்ற தாய் எவ்வளவு விரைவில் நலம்பெற்று அடுத்த சினைக்கு ஆயத்தமாகின்றது என்பதாலேயே அவை பெரிதும் முடிவாகின்றன.

தேறுதல் என்பது யாது?

பன்றி ஏறத்தாழ 114 நாட்கள், அஃதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் சினையாயிருந்து ஈனுகின்றது. ஈன்ற பின்னர் அதன் உடலில் மூன்று வேலைகள் ஒருங்கே நடைபெறல் வேண்டும். முதலாவது, விரிந்திருந்த கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு மீளுதல். இதற்கு ஏறக்குறைய மூன்று வாரங்கள் செல்லும். இரண்டாவது, மடி நோயின்றிப் பால் சுரத்தல். நன்கு பராமரிக்கப்படும் பன்றி நாளொன்றுக்கு 6 முதல் 10 லீற்றர் வரை பால் தரவல்லது. மூன்றாவது, அவ்வளவு பாலைக் கொடுத்தும் தன் உடற்றசையையும் எலும்பையும் இழந்துவிடாது காத்துக்கொள்ளுதல். இம்மூன்றில் ஒன்று தவறினும் ஏனையவையும் கெடும். "காட்டுப்பன்றிக்கு யார் மருத்துவம் பார்த்தார்?" எனக் கேட்போர் உளர். காட்டுப்பன்றி ஈனும் குட்டிகள் சிலவே. அதற்குக் காடெங்கும் உணவு உண்டு. வெப்பம் மிகுந்தால் சேற்றிற் புரளவும் இயலும். 10 குட்டிகளுடன் சீமெந்துத் தரையில் அடைபட்டிருக்கும் வீட்டுப்பன்றிக்கு அவ்வசதிகள் எவையுமில்லை. அதனை அடைத்து வைத்தவரே அதன் தேவைகளுக்குப் பொறுப்பாளி.

முதல் மூன்று நாட்கள்

ஈற்று நோ தொடங்கியபின் குட்டிகள் பொதுவாகக் கால் மணி முதல் இருபது நிமிட இடைவெளிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அரை மணித்தியாலத்துக்கு மேல் தாய் முக்கியும் குட்டி வராவிடில் உதவி தேவை என்பது அதன் பொருள். அவ்வேளையிற் கழுவாத கையை உள்ளே செலுத்தி இழுப்பதே பல கருப்பை நோய்களுக்குக் காரணம். கால்நடை வைத்தியரை அழைத்தலே நலம். அவர் வர முடியாத இடத்து, நகம் வெட்டி, முழங்கை வரை சவர்க்காரமிட்டுக் கழுவி, வழுக்கும் பொருள் பூசியே எதுவுஞ் செய்தல் வேண்டும். சிலர் ஒட்சிற்றோசின் ஊசிமருந்தைத் தாமாகவே ஏற்றிவிடுகின்றனர். குட்டியொன்று குறுக்கே அடைபட்டிருக்கையில் இம்மருந்தை ஏற்றினால் கருப்பை கிழியவும் கூடும். பயன் தரும் மருந்தே தகாத வேளையில் உயிரைப் பறிக்கும் என்பதற்கு இது சான்று.

கடைசிக் குட்டி பிறந்து நான்கு மணித்தியாலத்துக்குள் இளங்கொடி முழுவதும் விழுந்துவிடல் வேண்டும். விழுந்ததைத் தாய் தின்ன விடாது உடனே அகற்றிப் புதைத்தல் நன்று. இளங்கொடியையும் இறந்து பிறந்த குட்டிகளையும் வெறுங்கையாற் தொடலாகாது. எலிக்காய்ச்சற் கிருமி பன்றியின் சிறுநீரிலும் ஈற்றுக் கழிவுகளிலும் இருத்தல் கூடும். சேற்றிலே காலில் வெடிப்போடு வேலை செய்யும் நெற்செய்கையாளர் அந்நோயை நன்கறிவர். கைக்கு உறையிட்டு, ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி, நாய் தோண்டாதவாறு மூடுதல் வேண்டும்.

அடுத்த மூன்று நாட்களும் காலையும் மாலையும் தாயை உற்று நோக்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். பார்க்கவேண்டியவை பின்வருவனவாகும். தீன் வைத்தவுடன் எழுந்து வருகின்றதா? பக்கவாட்டிற் படுத்து முலைகளைக் குட்டிகளுக்குக் காட்டுகின்றதா, அல்லது முலைகளை மறைத்துக் குப்புறக் கிடக்கின்றதா? மடி கல்லுப்போல் இறுகி, சிவந்து, சுடுகின்றதா? குட்டிகள் குடித்துறங்குகின்றனவா, பசியாற் கத்தித் திரிகின்றனவா? சாணம் இளகியுளதா, உருண்டைகளாக வறண்டுளதா? ஈன்றபின் மூன்று நான்கு நாட்களுக்குச் சிறிதளவு கழிவு மணமின்றி வடிதல் இயல்பே. அது தடித்து, சீழ்போலாகி, துர்நாற்றம் வீசுமாயின் கருப்பையில் நோய் கண்டுவிட்டதென அறிதல் வேண்டும்.

வெப்பமானி ஒன்று வீட்டில் இருத்தல் பெரிதும் பயன்படும். பன்றியின் உடல்வெப்பம் பொதுவாக 38.5 முதல் 39.3 பாகை செல்சியஸ் வரையாகும். ஈன்ற முதல் நாளில் சிறிதுயர்தல் இயல்பு. 40 பாகையைக் கடந்தாலும், அல்லது வெப்பம் சற்றே உயர்ந்து தீனையும் வெறுத்தாலும், அன்றே வைத்தியரை நாடுதல் வேண்டும். மடியழற்சி, கருப்பையழற்சி, பாலின்மை என்பன பெரும்பாலும் கூடியே வருவன. முதல் நாளில் மருந்து கிடைத்தால் தாயும் குட்டிகளும் பிழைப்பது எளிது. மூன்றாம் நாள் வரை "நாளை சரியாகும்" எனப் பொறுத்திருப்பவர் குட்டிகளைப் பசியாலும் தாயை நோயாலும் இழப்பர். ஒரு முறை வைத்தியரை அழைக்கும் செலவு ஒரு குட்டியின் விலைக்குள் அடங்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இந்நோய்களுக்கு வழிவகுப்பதில் மலச்சிக்கலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஈனுவதற்கு இரண்டொரு நாட்களுக்கு முன்னரே தீனைச் சற்றுக் குறைத்து, தவிட்டின் பங்கைக் கூட்டி, கங்குன், வத்தாளங்கொடி போன்ற பச்சிலைகளையும் வேண்டிய அளவு தண்ணீரையும் கொடுத்து வந்தால் குடல் இளகியிருக்கும். ஈன்ற மறுநாள் தாயை எழுப்பிச் சிறிது நடக்கச் செய்வதும் குடலுக்கும் கருப்பைக்கும் நன்மை தரும். கொட்டிலைக் கழுவி உலரவிட்ட பின்னரே தாயை அதனுள் விடல் வேண்டும். சேறும் சாணமும் நிறைந்த தரையில் ஈன்ற பன்றிக்கு எம்மருந்தும் முழுப்பயன் தராது.

தண்ணீரே முதற் தீன்

பால் சுரக்குந் தாய்க்குக் குறைபடும் முதற்பொருள் யாதெனின், அது விலையின்றிக் கிடைக்கும் தண்ணீரேயாகும். பாலூட்டும் பன்றி நாளொன்றுக்கு 20 முதல் 40 லீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். பத்து லீற்றர் வாளியாயின் இரண்டு முதல் நான்கு வாளிகள். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என அளந்து ஊற்றும் கொட்டில்களில் தாய் தாகத்தாலேயே தீனை மறுக்கின்றது. தீன் குறையப் பாலும் குறைகின்றது. தொட்டியில் எந்நேரமும் சுத்தமான தண்ணீர் இருத்தல் வேண்டும். முலைக்குழாய் பொருத்தியிருப்போர் ஒரு லீற்றர்ப் போத்தலை அதன்கீழ்ப் பிடித்துப் பார்க்கலாம். அரை நிமிடத்துள் நிரம்பாவிடில் நீரோட்டம் போதாது. தண்ணீர் வெயிலிற் கிடக்கும் குழாய் வழியே வருவதாயின் நண்பகலில் அது சுடுநீராகிவிடும். சுடுநீரைப் பன்றி குடியாது. குழாயை மண்ணிற் புதைப்பதோ கிடுகால் மூடுவதோ சிறு வேலையே.

தீனை எங்ஙனம் கூட்டுவது?

ஈன்ற தாய்க்குத் தீன் வைத்தால் வயிறு கெடும் என அஞ்சிப் பல நாட்கள் பட்டினி போடுவோர் ஒரு சாரார். ஈன்ற அன்றே தொட்டி நிறையக் கொட்டுவோர் மற்றொரு சாரார். இரண்டும் தவறு. ஈன்ற நாளில் ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோகிராம் தீனை நீரிற் குழைத்து வைத்தால் போதும். அன்று உண்ண மறுத்தாலும் தண்ணீர் குடித்தால் கவலையில்லை. அதன்பின் நாளுக்கு அரைக் கிலோகிராம், இயன்றவிடத்து அதற்கும் சற்று மேல் எனக் கூட்டிக்கொண்டே சென்று, ஒரு வாரத்தின் பின் முழு அளவை நெருங்குதல் வேண்டும். முழு அளவென்பது தாய்க்கு 2 கிலோகிராமும் குட்டியொன்றுக்கு அரைக் கிலோகிராமும் எனக் கொள்ளப்படும். 10 குட்டிகளை ஊட்டும் பெரிய இனத் தாய்க்கு 7 கிலோகிராம். உள்ளூர்ச் சிறு பன்றிகள் இவ்வளவு உண்ணமாட்டா. அவற்றுக்குத் தொட்டியே அளவுகோல். தொட்டி நக்கித் துடைத்ததுபோல் இருந்தால் அடுத்த வேளைக்குக் கூட்டுதல் வேண்டும்; மிச்சம் கிடந்தால் அதனை அகற்றி அளவைச் சற்றுக் குறைத்தல் வேண்டும்.

கரையோரப் பகுதிகளில் உணவகக் கழிவையும் வீட்டுக் கழிவையும் கொண்டே பன்றி வளர்ப்போர் பலர். இத்தீன் மலிவானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், இதன் பெரும்பகுதி நீரே. வளரும் பன்றிக்கும் சினையின் தொடக்கத்திலுள்ள பன்றிக்கும் இது ஓரளவு போதலாம். பால் கொடுக்குந் தாயோ வயிறு நிறைய உண்டும் பட்டினியாகவே கிடக்கும். வயிறு கொள்ளும் அளவுக்கு ஓர் எல்லை உண்டன்றோ? மேலும், கழிவில் உப்பு மிகுதியாயிருந்து தண்ணீரும் குறைந்தால் உப்பு நஞ்சாகிவிடும். ஆதலின், பாலூட்டும் ஐந்தாறு வாரங்களுக்காயினும் தாய்க்கு உலர்தீனே முதன்மையாகக் கொடுத்தல் வேண்டும். கடைத்தீன் வாங்க இயலாதோர் சோளம், அரிசித் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு ஆகியவற்றோடு மீன்தூளோ சோயாப் புண்ணாக்கோ சேர்த்தல் அவசியம். தவிட்டையும் தேங்காய்ப் புண்ணாக்கையும் மட்டும் உண்ணும் தாய்க்குப் பாலுக்கு வேண்டிய புரதம் போதாது. பூஞ்சணம் பிடித்த சோளத்தையும் கறள்மணம் வீசும் பழந்தவிட்டையும் ஈன்ற பன்றிக்கு ஒருபோதும் கொடுத்தலாகாது.

சுண்ணாம்புச் சத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். தவிட்டில் அது மிகக் குறைவு. பாலில் மிக அதிகம். தீனில் கிடையாத சுண்ணாம்பைத் தாய் தன் எலும்பிலிருந்து எடுத்துப் பாலிற் கலக்கின்றது. இதனாலேயே சில பன்றிகள் பால்மறக்கும் காலத்திற் பின்னங்கால் வலுவிழந்து எழமாட்டாது கிடக்கின்றன. சிப்பித்தூள் போன்ற மலிவான பொருளைத் தீனோடு வைத்தியர் கூறும் அளவிற் சேர்த்து வந்தால் இவ்விழப்பு நேராது.

தாய்க்குக் குளிர்ச்சி, குட்டிக்குச் சூடு

தாழ்நாட்டின் வெப்பம் தேறுதலுக்குப் பெரும் பகையாகும். பாலூட்டும் பன்றிக்கு ஏற்ற வெப்பநிலை 18 முதல் 22 பாகை வரை. பிறந்த குட்டிக்கோ முதல் நாட்களில் 30 பாகைக்கு மேல் வேண்டும். ஒரே கொட்டிலில் இரண்டு காலநிலைகளை அமைப்பதே வளர்ப்போரின் திறமை. மூலையிலே வைக்கோல் பரப்பிய பெட்டியும் ஒரு மின்குமிழும் குட்டிகளுக்குப் போதும். அவை அங்கு உறங்கினால் தாயின்கீழ் நசுங்கிச் சாவதும் குறையும். தாய்க்கோ உயர்ந்த கூரை, காற்றோட்டம், தகரத்தின்மேல் கிடுகு, நண்பகலிற் கழுத்திலும் தோளிலும் சொட்டும் தண்ணீர் ஆகியன வேண்டும். குட்டிகளின் படுக்கையை அந்நீர் நனைத்தலாகாது. வெயிலேறிய பின் வைக்கும் தீனைப் பன்றி பாதியிலே விட்டுவிடும். விடியற்காலையிலும் பொழுதுபட்ட பின்னரும் வைத்தால் அதே தீனை முழுவதும் உண்ணும். இதற்குச் செலவு எதுவுமில்லை. நேரத்தை மாற்றுவது மட்டுமே.

சிக்கனம் எது, நட்டம் எது?

"இவ்வளவு தீன் கொடுத்தால் எஞ்சுவது என்ன?" என்பது கமக்காரர் எழுப்பும் நியாயமான வினா. அதற்கு விடையைக் கணக்கே கூறட்டும். சினைக்காலம் 114 நாள், பாலூட்டல் 42 நாள், பால்மறந்து மீண்டும் சினைப்பட 7 நாள் எனக் கொண்டால் ஒரு சுற்றுக்கு 163 நாட்கள். தாய் மெலிந்து மேலும் 60 நாட்கள் வெறுமனே நின்றால் ஒரு சுற்றுக்கு 223 நாட்கள். மூன்றாண்டுகளில் முன்னையது ஆறரைக்கு மேற்பட்ட சுற்றுகள். பின்னையது ஐந்துக்குங் குறைவு. ஏறத்தாழ இரண்டு ஈற்றுக் குட்டிகள் பிறவாமலே போய்விடுகின்றன.

தீனின் கணக்கையும் பார்ப்போர் வியப்படைவர். பாலூட்டும் 42 நாட்களிலும் நாளுக்கு 2 கிலோகிராம் வீதம் குறைத்துக் கொடுத்தவர் மிச்சம் பிடித்தது 84 கிலோகிராம். அதனால் மெலிந்த தாய் வெறுமனே நிற்கும் 60 நாட்களில், நாளுக்கு இரண்டரைக் கிலோகிராம் வீதம் தின்பது 150 கிலோகிராம். எண்பத்து நான்கை மிச்சம் பிடிக்கப் போய் நூற்றைம்பதை இழப்பது சிக்கனமாகாது. பாலின்றி நோஞ்சானாக வளர்ந்து குறைந்த விலைக்குப் போன குட்டிகள் இக்கணக்கில் இன்னுஞ் சேர்க்கப்படவில்லை. நாற்றுக்கு உரிய காலத்தில் இடவேண்டிய பசளையை மிச்சம் பிடித்துக் கதிர்விட்ட பின்னர் அள்ளிக் கொட்டும் நெற்செய்கையாளர் எவருமிலர். வயலிற் கடைப்பிடிக்கும் அறிவைக் கொட்டிலிலும் கடைப்பிடித்தல் வேண்டும்.

தலையீற்றுப் பன்றியிடத்து இக்கவனம் இரட்டிப்பாதல் வேண்டும். அது தானே இன்னும் வளர்ந்து முடியாத உயிர். அதன் வயிறு சிறிது. ஆதலின் உண்பதும் குறைவு. முதல் ஈற்றில் மெலிந்துபோன பன்றி இரண்டாம் ஈற்றில் மிகச் சில குட்டிகளையே தருவது பலரும் கண்ட உண்மை. அதனைக் கண்டு "இனஞ் சரியில்லை" எனக் கழித்துவிடுவோர், மூன்றாம் ஈற்று முதல் ஆறாம் ஈற்று வரையுள்ள சிறந்த காலத்தை அடையுமுன்னரே அப்பன்றியை இழந்துவிடுகின்றனர். காய்க்கத் தொடங்கிய தென்னையை இரண்டாம் குலையோடு வெட்டுவதற்கு இது ஒப்பாகும்.

பால்மறப்பித்தலும் அடுத்த சினையும்

கருப்பை மீளுவதற்கு மூன்று வாரங்கள் வேண்டுமாதலால் அதற்குமுன் பால்மறப்பித்தலாகாது. எட்டு வாரங்கள் வரை குட்டிகளை விட்டு வைப்பதும் தாயை உருக்கிவிடும். இரண்டாம் வாரத்திலிருந்தே குட்டிகளுக்குச் சிறிது சிறிதாகத் தீன் பழக்கி, ஐந்தாம் ஆறாம் வாரத்திற் பிரித்தல் சிறு பண்ணைகளுக்கு ஏற்றது. தாயின் பால் மூன்றாம் வாரத்தில் உச்சமடைந்து பின்னர் குறைவதால், தீன் பழகிய குட்டிக்கு அதனால் நட்டமில்லை. பால் வற்றட்டும் என்று பிரித்த பின்னர் தாயைப் பட்டினி போடும் பழைய வழக்கம் கைவிடப்படல் வேண்டும். குடிப்பாரற்ற மடி தானாகவே வற்றிவிடும். அந்நாட்களில் 3 கிலோகிராமளவு நல்ல தீன் கொடுத்தால் வேட்கை விரைவில் தோன்றுவதோடு அடுத்த ஈற்றுக் குட்டிகளின் எண்ணிக்கையும் நன்றாயிருக்கும்.

நன்கு தேறிய தாய் பால்மறந்து 4 முதல் 7 நாட்களுக்குள் வேட்கை கொள்ளும். பெண்குறி சிவந்து வீங்கும். முதுகை அழுத்தினால் அசையாது நிற்கும். தேறியுளதா என அறிய உள்ளங்கையை இடுப்பெலும்பின்மேலும் முதுகெலும்பின்மேலும் வைத்துப் பார்க்கலாம். சற்று அழுத்திய பின்னரே எலும்பு தட்டுப்பட்டால் நல்ல நிலை. அழுத்தாமலே எலும்பு கையிற் குத்தினால் மெலிவு. மெலிந்த தலையீற்றுப் பன்றியாயின் முதல் வேட்கையில் இணைய விடாது, நன்கு தீன் கொடுத்து 21 நாட்களின் பின் வரும் அடுத்த வேட்கையில் இணைய விடுதல் மேல்.

இறந்த குட்டிகளும் உலர்ந்து சுருங்கிய குட்டிகளும் மிகுதியாகப் பிறந்தால் தாயைப் பழித்தலாகாது. அது நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். வைத்தியரிடம் அறிவித்தல் வேண்டும். 1985ஆம், 1986ஆம் ஆண்டுகளில் அநுராதபுரப் பகுதியிலே யப்பானிய மூளைக்காய்ச்சல் மனிதரிடையே பரவியது. பன்றியின் உடலிற் பெருகும் அக்கிருமியை நெல்வயல் நீரில் முட்டையிடும் நுளம்புகளே மனிதருக்குக் கொண்டுசெல்கின்றன. அதே கிருமி சினைப்பன்றியின் குட்டிகளையும் வயிற்றிலே கொல்லவல்லது. கொட்டிலை வயலோரத்திலும் வீட்டு முற்றத்திலும் அமையாது விலக்கி அமைக்குமாறு கூறுவதன் காரணம் இதுவே.

வாங்குவதிலும் காப்பதே மேல்

பழைய தாயை விற்றுப் புதியதை வாங்குவது முன்னர் எளிய வழியாகத் தோன்றியிருக்கலாம். 2024ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதிசெய்யப்பட்ட பின்னர் அவ்வெண்ணம் முற்றாக மாறுதல் வேண்டும். அந்நோய் மனிதரைத் தொற்றாது. ஆயினும், பன்றிக்கு அது வந்தபின் சிகிச்சை இல்லை. உயிர்ப்பன்றியோடும், வேகாத இறைச்சிக் கழிவோடும், வாகனச் சில்லோடும், செருப்போடும் அது கொட்டிலுக்குள் நுழையும். சந்தையிலோ தரகரிடமோ வாங்கிய ஓர் இளம்பன்றி முழுக் கொட்டிலையும் வெறுமையாக்கிவிடல் கூடும். ஆதலின், கையிலுள்ள நல்ல தாயைத் தேற்றி ஐந்தாறு ஈற்றுகள் வரை பேணுவது இன்று இலாபத்துக்கு மட்டுமன்றிப் பாதுகாப்புக்கும் உரிய வழியாகும். கழிவுத்தீன் கொடுப்போர் இறைச்சிக் கழிவை அறவே நீக்கி, ஏனையதை அரை மணித்தியாலமேனும் நன்கு கொதிக்கவைத்து ஆறவிட்டே கொடுத்தல் வேண்டும். புதிய பன்றி வாங்குவது தவிர்க்க முடியாதாயின் முன்னரே கால்நடை வைத்தியரிடம் கேட்டறிந்து, வாங்கியதைச் சில வாரங்கள் தனியே வைத்தல் வேண்டும்.

எல்லாத் தாய்ப்பன்றிகளையும் எக்காலமும் வைத்திருத்தல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. பல முறை இணைய விட்டும் சினைப்படாதது, மடி பழுதாகிப் பல முலைகள் அடைபட்டது, எழமாட்டாத நொண்டி, ஈற்றுதோறும் குட்டிகளைக் கடித்துக் கொல்வது, ஈற்றுகள் பல கண்டு முதிர்ந்தது ஆகியவற்றைக் கழித்தல் நியாயமே. ஆயின், வேண்டிய தீனும் தண்ணீரும் நிழலும் கொடுத்துப் பார்த்த பின்னரே அத்தீர்ப்பை அளித்தல் வேண்டும். அவற்றைக் கொடாமல் "மலடு" என்று விற்பது, நீர் பாய்ச்சாத வயலை விளையாத நிலமென்று பழிப்பதாகும்.

இத்தனைக்கும் பெரும் முதல் தேவையில்லை. கொட்டிற் சுவரில் ஒரு கொப்பியைத் தொங்கவிட்டு, ஈன்ற நாள், இளங்கொடி விழுந்த நேரம், முதல் மூன்று நாட்களின் உடல்வெப்பம், வைத்த தீனின் அளவு, பால்மறப்பித்த நாள், வேட்கை கண்ட நாள் என்பவற்றை எழுதி வந்தால் எங்கே தவறினோம் என்பதை அடுத்த ஈற்றுக்கு முன்னரே அறிந்துகொள்ளலாம். பல வீடுகளில் பன்றிக்குத் தீன் வைப்போர் பெண்களும் பிள்ளைகளுமாவர். தாய்ப்பன்றி தீனை மறுத்ததை முதலிற் காண்போரும் அவர்களே. அவர்கள் கூறுவதைக் கேட்டு அன்றே நடவடிக்கை எடுக்கும் வீட்டில் இழப்புக் குறையும்.

ஆதலின், அடுத்த முறை பன்றி ஈனும்போது கமக்காரர் குட்டிகளை எண்ணுமுன் தாயின் மடியைத் தொட்டுப் பார்ப்பாராக. தண்ணீர்த் தொட்டி நிறைந்துளதா எனப் பார்ப்பாராக. குட்டிகளை அதன்பின் எண்ணிக்கொள்ளலாம்.